கடலை எண்ணெயும் ஒரு வேலை செய்யாத ஜீனும்: ஹை ஒலிக் பயிர்கள் வந்த கதை

கடலைமிட்டாய் பாக்கெட்ட ரொம்ப நாள் கழிச்சு பிரிச்சா ஒரு சிக்கு வாடை வரும்ல, அதுக்கு வெல்லம் காரணம் இல்ல, கடலைக்குள்ள இருக்கற எண்ணெய்தான் காரணம். இன்னும் சரியா சொல்லணும்னா அந்த எண்ணெய்ல இருக்கற லினோலிக் ஆசிட்னு ஒரு கொழுப்பு அமிலம். நம்ம ஊர்ல சாதாரணமா பயிரிடற கடலையோட எண்ணெய்ல கிட்டத்தட்ட பாதி ஒலிக் ஆசிட், 30 சதவீதம் கிட்ட லினோலிக் ஆசிட் இருக்கும், மீதி பால்மிட்டிக் மாதிரி நிறைவுற்ற கொழுப்பு. இந்த ஒலிக்கும் லினோலிக்கும் ரெண்டுமே 18 கார்பன் நீளமுள்ள சங்கிலிதான், ஒரே வித்தியாசம் ஒலிக்ல ஒரு இடத்துல டபுள் பாண்ட், லினோலிக்ல ரெண்டு இடத்துல. காத்துல இருக்கற ஆக்சிஜன் வந்து தாக்கறது அந்த ரெண்டு டபுள் பாண்டுக்கும் நடுவுல இருக்கற கார்பனைத்தான், அதனால லினோலிக் ஆசிட் ஒலிக்கை விட பத்து மடங்குக்கு மேல வேகமா கெட்டுப்போகும். மூணு டபுள் பாண்ட் இருக்கற லினோலெனிக் இன்னும் மோசம், சோயா எண்ணெயும் ஆளி விதை எண்ணெயும் சீக்கிரமா வாடை அடிக்கறது அதனாலதான்.

இப்போ எண்ணெய் வித்து ஆராய்ச்சில ஹை ஒலிக், அதாவது ஒலிக் ஆசிட் ரொம்ப அதிகமா இருக்கற ரகம்னு எங்க பார்த்தாலும் பேசறாங்க, ஜீன் எடிட்டிங் பண்ணிட்டாங்கன்னு நியூஸ் வந்தா உடனே எண்ணெய்ல ஏதோ புதுசா கலக்கறாங்கன்னு ஒரு பயம் பரவுது. அதனால உண்மையில என்ன நடக்குதுன்னு விலாவாரியா எழுதணும்னு தோணுச்சு.

செடி லினோலிக் ஆசிட்டை நேரா செய்யறது இல்ல. முதல்ல ஒலிக் ஆசிட்டை செய்யுது, அதுக்கப்புறம் எஃப்ஏடி2னு ஒரு என்சைம் வந்து அந்த ஒலிக்ல ரெண்டாவது டபுள் பாண்டை போட்டு லினோலிக்கா மாத்துது, அதுக்கும் அடுத்து எஃப்ஏடி3 வந்து மூணாவதைப் போட்டு லினோலெனிக்கா மாத்துது. அப்போ விதைக்குள்ள மட்டும் எஃப்ஏடி2 வேலை செய்யலைன்னா ஒலிக் ஒலிக்காவே தங்கிடும். அவ்வளவுதான் விஷயம். இந்தத் துறையில கொழுப்பு அமிலத்தை மேம்படுத்தறதுன்னு சொல்றதுல பெரும்பகுதி, ஒரு ஜீனை சேர்க்கற வேலை இல்ல, ஏற்கனவே இருக்கற ஒரு ஜீனை நிறுத்தற வேலை. அந்த ஜீன் எப்படி நின்னுச்சு, தானாவா, கெமிக்கல் போட்டா, கத்திரி வச்சு வெட்டியா, அதுலதான் கதை மூணா பிரியுது.

முதல் கதை அமெரிக்காவுல ஃப்ளோரிடா யுனிவர்சிட்டில நடந்தது. அங்க நார்டன்னு ஒரு கடலை பிரீடரும் அவரோட டீமும் கைவசம் இருந்த கடலை ரகங்களோட எண்ணெயை ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணி 1987ல ஒரு பேப்பர் போட்டாங்க. அதுல எஃப்435னு ஒரு ரகம் தனியா நின்னுச்சு, ஒலிக் 80 சதவீதம், லினோலிக் வெறும் 2 சதவீதம். யாரும் அதுக்கு ரேடியேஷன் கொடுக்கல, கெமிக்கல்ல ஊறப்போடல, வயல்ல தானா நடந்த மியூட்டேஷன். கடலைங்கறது ரெண்டு காட்டுச் செடிங்க கலந்து உண்டான பயிர், அதனால அதுக்கு ஏ, பின்னு ரெண்டு செட் ஜீனோம் உண்டு, எஃப்ஏடி2வும் ரெண்டு. ஒண்ணு நின்னா இன்னொண்ணு வேலை பார்க்கும். எஃப்435ல ரெண்டுமே கெட்டிருந்துச்சு. ஏ பக்க ஜீனோட டிஎன்ஏல 448வது எழுத்து ஜியா இருக்க வேண்டியது ஏவா மாறிடுச்சு, அதனால புரோட்டீன்ல 150வது இடத்துல அஸ்பார்டிக் ஆசிட்டுக்கு பதில் அஸ்பராஜின் வந்து உக்காந்து என்சைம் கிட்டத்தட்ட செத்துப்போச்சு. பி பக்கத்துல 442வது இடத்துல ஒரு ஏ எக்ஸ்ட்ராவா நுழைஞ்சிடுச்சு, ஜீனை மூணு மூணு எழுத்தா படிக்கறதால ஒரு எழுத்து கூடினா அதுக்கப்புறம் வர்ற மொத்தமும் தப்பா படிக்கப்பட்டு, பாதியிலயே நிறுத்துன்னு சிக்னல் வந்து, முழு என்சைமே உருவாகாம போயிடுது. இதுல ஆச்சரியம் என்னன்னா ஏ பக்க மாற்றம் உலகம் பூரா பல கடலை ரகத்துல ஏற்கனவே இருக்கு, யாருக்கும் தெரியாம, ஏன்னா பி பக்கம் நல்லா இருக்கற வரைக்கும் எண்ணெய்ல பெருசா வித்தியாசம் தெரியாது. பி பக்க மாற்றம்தான் அபூர்வம்.

எஃப்435ல இருந்து வந்த சன்ஒலிக் 95ஆர்ங்கற ரகம் 1995ல வெளியாச்சு, இதைத்தான் ஹைதராபாத் பக்கத்துல பட்டான்செருவுல இருக்கற இக்ரிசாட்ங்கற சர்வதேச பயிர் ஆராய்ச்சி நிலையமும், குஜராத் ஜூனாகத்ல இருக்கற கடலை ஆராய்ச்சி நிறுவனமும் எடுத்து நம்ம ரகங்களோட கிராஸ் பண்ணி கிர்னார் 4, கிர்னார் 5ன்னு ரெண்டு ஹை ஒலிக் ரகத்தைக் கொண்டு வந்தாங்க. ஒலிக் 80 சதவீதத்தை ஒட்டி வருது. சிபாரிசு பண்ண மாநிலங்கள்ல தமிழ்நாடும் இருக்கு. இது ஜீன் எடிட்டிங் கிடையாது, வெளி ஜீனை நுழைக்கற ஜிஎம்மும் கிடையாது, மகரந்தம் எடுத்து பூவுல தடவற அதே பழைய கிராஸிங்தான், டிஎன்ஏ மார்க்கர் வச்சு எந்தக் குட்டிச் செடில ரெண்டு மாற்றமும் சேர்ந்து வந்திருக்குன்னு பார்த்துப் பொறுக்கினாங்க.

டிஎன்ஏ பார்க்காம எண்ணெயையே பார்த்துப் பொறுக்கறதும் உண்டு, அது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் கிட்டப் போய் பாருங்க, எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். ஒரு கடலைப் பருப்பை எடுத்தா ஒரு முனையில குட்டியா மூக்கு மாதிரி முளை இருக்கும். அதைத் தொடாம எதிர் முனையில பிளேடால ஒரு சின்ன சீவல் எடுப்பாங்க. அந்த சீவலுக்குள்ள இருக்கற எண்ணெயை கரைப்பான்ல கரைச்சு, கேஸ் குரோமட்டோகிராஃபி மெஷின்ல ஏத்தினா ஒலிக் எவ்வளவு, லினோலிக் எவ்வளவுன்னு தனித்தனி முகடா பேப்பர்ல வந்துடும். மிச்சம் இருக்கற பருப்பு சாகல. வெட்டின இடத்துல பூஞ்சை பிடிக்காம மருந்து தூவி மண்ணுல நட்டா முளைச்சு வரும். அதாவது ஒரு விதையோட எண்ணெயையும் பார்த்தாச்சு, அதே விதையை செடியாவும் ஆக்கியாச்சு. இதே வழியை 1960கள்ல கனடாவுல கீத் டௌனி ரேப்சீட்ல பண்ணாரு, கடுகு மாதிரி இத்துனூண்டு விதைல ஒரு விதையிலையை மட்டும் எடுத்து எண்ணெய் டெஸ்ட், மீதிப் பாதியை முளைக்க வைக்கறது. எருசிக் ஆசிட்ங்கற வேண்டாத கொழுப்பு அமிலம் இல்லாத செடியை அப்படித்தான் தேடிப் பிடிச்சாங்க, இன்னிக்கு கனோலான்னு கடையில விக்கற எண்ணெயோட ஆரம்பம் அங்கதான். பெரிய பெரிய டெக்னாலஜி பேர்களுக்கு நடுவுல இந்த அரை விதை வேலையை யாரும் சொல்றதே இல்ல, ஆனா அது இல்லாம இந்தத் துறையே இல்ல.

ரெண்டாவது கதை சோவியத் யூனியன்ல. கிராஸ்னோடார்ல இருந்த எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்துல சோல்டாடோவ்னு ஒரு விஞ்ஞானி சூரியகாந்தி விதையை டைமெத்தில் சல்ஃபேட்ங்கற கெமிக்கல் கரைசல்ல போட்டு எடுத்து விதைச்சாரு. அந்தக் கெமிக்கல் டிஎன்ஏவுல கண்ட இடத்துலயும் மாற்றத்தை உண்டாக்கும், எது எங்க மாறும்னு யாருக்கும் தெரியாது. அதுல இருந்து பொறுக்கி எடுத்து 1976ல அவர் அறிவிச்ச ரகம்தான் பெர்வெனெட்ஸ், ஒலிக் 70 சதவீதத்துக்கு மேல. சாதாரண சூரியகாந்தில குளிர் அதிகமான ஊர்ல லினோலிக் ஏறும், சூடான ஊர்ல இறங்கும், ஏன்னா எஃப்ஏடி2 குளிர்ல நல்லா வேலை பார்க்கும். பெர்வெனெட்ஸ்ல அந்த ஆட்டம் ரொம்பக் குறைஞ்சுது. உலகத்துல இன்னிக்கு விக்கற ஹை ஒலிக் சூரியகாந்தி ஹைப்ரிட்கள்ல பெரும்பாலானதுக்கு மூலம் இந்த ஒரே ரகம்தான். சுவாரசியம் என்னன்னா இதுல எஃப்ஏடி2 ஜீன் உடையவே இல்ல. அந்த ஜீனோட ஒரு துண்டு பக்கத்துலயே காப்பி ஆகி உக்காந்துக்கிச்சு, அந்தக் காப்பியில இருந்து வர்ற சின்ன சின்ன ஆர்என்ஏ துண்டுகள் ஒரிஜினல் ஜீனோட சத்தத்தை அடக்கிடுது. இது புரியறதுக்கு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள அந்த எண்ணெயை உலகமே சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு.

ஆஸ்திரேலியாவுல சிஎஸ்ஐஆர்ஓங்கற அரசு ஆராய்ச்சி நிறுவனத்துல ஆலன் கிரீன் ஆளி விதைல இதே மாதிரி கெமிக்கல் மியூட்டேஷன் பண்ணாரு, ஆனா அவர் குறி வச்சது லினோலெனிக்கை. ஒரே மியூட்டன்ட்ல பாதிதான் குறைஞ்சுது, வேற வேற ரெண்டு மியூட்டன்ட்டை கிராஸ் பண்ணதும் 2 சதவீதத்துக்குக் கீழ இறங்கிடுச்சு, லினோலான்னு பேர் வச்சு சமையல் எண்ணெயா வித்தாங்க. பெயின்டுக்கும் வார்னிஷுக்கும் போன எண்ணெய் வித்து இப்படித்தான் சமையலறைக்குப் போச்சு.

மூணாவது கதைதான் ஜீன் எடிட்டிங். அது ஏன் சோயால முதல்ல வந்துச்சுன்னா அதுக்குப் பின்னாடி டிரான்ஸ் ஃபேட் பிரச்சினை இருக்கு. சோயா எண்ணெய்ல லினோலிக் 50 சதவீதத்துக்கு மேல, லினோலெனிக் 7, 8 சதவீதம், பொரிக்கற எண்ணெயா திரும்பத் திரும்ப சூடு பண்ணா தாங்காது. அதனால ஹைட்ரஜன் ஏத்தி கெட்டிப்படுத்தினாங்க, அப்படி அரைகுறையா ஏத்தும்போது உண்டாகறதுதான் டிரான்ஸ் ஃபேட், இதயத்துக்கு அது எவ்வளவு கெடுதல்னு தெரிஞ்சப்புறம் அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015ல அதுக்கு எதிரா முடிவெடுத்து 2018ல இருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்துச்சு, நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐயும் 2022 ஜனவரில இருந்து 2 சதவீதம்தான் உச்சம்னு போட்டுடுச்சு. ஹைட்ரஜன் ஏத்தாம சூடு தாங்கற எண்ணெய் வேணும்னா ஹை ஒலிக் வேணும். மினசோட்டாவுல இருந்த கேலிக்ஸ்ட்ங்கற கம்பெனி டாலன்னு சொல்ற கத்திரி என்சைமை வச்சு சோயாவுல எஃப்ஏடி2-1ஏ, எஃப்ஏடி2-1பி ரெண்டையும் வெட்டினாங்க, ஒலிக் 20ல இருந்து 80 சதவீதமாச்சு, லினோலிக் 50ல இருந்து 4க்குக் கீழ வந்துச்சு. அந்த ஆராய்ச்சி 2014ல வெளியாச்சு, 2019ல கேலினோங்கற பேர்ல எண்ணெயே கடைக்கு வந்துச்சு. ஜீன் எடிட் பண்ண பயிர்ல இருந்து மார்க்கெட்டுக்கு வந்த ஆரம்ப உணவுப் பொருட்கள்ல அது ஒண்ணு.

ஆனா இதையும் கூடவே சொல்லணும். அதே சோயாவுல மிசூரில இருக்கற விஞ்ஞானிங்க விதை வங்கில இருந்த பழைய ரகங்களைத் துழாவி, ஒண்ணுல 1ஏ கெட்டது, இன்னொண்ணுல 1பி கெட்டது கண்டுபிடிச்சு, ரெண்டையும் கிராஸ் பண்ணியே 80 சதவீத ஒலிக்கைக் கொண்டு வந்துட்டாங்க. அதாவது முடிவு ஒண்ணுதான், வழிதான் வேற.

எடிட்டிங்ல என்னதான் நடக்குது? கிறிஸ்பர் முறையில ஒரு சின்ன வழிகாட்டி ஆர்என்ஏ இருக்கும், அதுல சுமார் 20 எழுத்து, வெட்ட வேண்டிய இடத்தோட எழுத்துக்கு அப்படியே பொருந்தும். அது காஸ்9ங்கற என்சைமை அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் டிஎன்ஏவோட ரெண்டு இழையையும் வெட்ட வைக்கும். செல் பதறிப்போய் வெட்டை ஒட்டும்போது ஒரு எழுத்தோ நாலு எழுத்தோ விட்டுப்போகும் இல்ல கூடிப்போகும், கடலைல 442வது இடத்துல இயற்கையா நடந்த அதே கதைதான், ஜீன் அத்தோட முடிஞ்சுது. காஸ்9ஐ செடிக்குள்ள கொண்டு போக முதல்ல வெளி ஜீனை நுழைக்க வேண்டியிருக்கும், அது உண்மை, ஆனா அடுத்த தலைமுறைல அந்த ஜீன் இல்லாத செடிகளா பொறுக்கி எடுத்துடுவாங்க, கடைசில மிஞ்சறது அந்த எழுத்து மாற்றம் மட்டும்தான். வேற எங்கயாவது தப்பா வெட்டிடுச்சான்னு சீக்வென்ஸ் பண்ணிப் பார்க்கணும், அதுல சமரசம் கூடாது. ஆனா கெமிக்கல் மியூட்டேஷன்ல ஒரு செடிலயே ஆயிரக்கணக்கான இடத்துல மாற்றம் விழும், அதை யாரும் எண்ணிப் பார்த்து அனுமதி கொடுக்கல.

எனக்கு இதுல முக்கியமா படறது வெட்டற கத்திரி இல்ல, வெட்டற இடம். எஃப்ஏடி2 விதைக்கு மட்டும் வேலை செய்யறது இல்ல, வேர், இலை எல்லா இடத்துலயும் செல்லோட சவ்வு குளிர்ல விறைச்சுப் போகாம நெகிழ்வா இருக்க லினோலிக்கும் லினோலெனிக்கும் வேணும். அராபிடாப்சிஸ்ங்கற ஆராய்ச்சி செடில எஃப்ஏடி2 ஒண்ணே ஒண்ணுதான், அது கெட்டுப்போன செடிகளை 6 டிகிரி குளிர்ல வச்சா செத்தே போயிடுதுன்னு 1993லயே காட்டிட்டாங்க. கேமலினான்னு ஒரு எண்ணெய் வித்து இருக்கு, அதுக்கு மூணு செட் ஜீனோம், கிறிஸ்பர் வச்சு எஃப்ஏடி2வோட மூணு ஜோடியையும் நிறுத்தினப்போ ஒலிக் நல்லா ஏறுச்சு ஆனா செடி குட்டையா முறுக்கிக்கிட்டு வளர்ந்துச்சு, ஒண்ணு ரெண்டு காப்பியை விட்டு வச்சப்போதான் செடியும் நல்லா இருந்துச்சு எண்ணெயும் நல்லா வந்துச்சு. சோயாவுக்கும் கடலைக்கும் சூரியகாந்திக்கும் அதிர்ஷ்டம், விதைல வேலை செய்யற எஃப்ஏடி2 தனியா இருக்கு, அதை மட்டும் நிறுத்தலாம், வேரும் இலையும் தன்பாட்டுக்கு இருக்கும். ஜீன் எடிட் பண்ணிட்டோம்னு நியூஸ் படிக்கும்போது ஒலிக் எவ்வளவு ஏறுச்சுன்னு மட்டும் பார்க்காதீங்க, வயல்ல மகசூல் என்னாச்சு, முளைப்பு என்னாச்சு, குளிர் தாங்குச்சான்னு தேடிப் பாருங்க.

நம்ம நாட்டுல கடலைக்கு எடிட்டிங் அவசரமா தேவையான்னு கேட்டா, என் கருத்து இல்லைங்கறதுதான். தேவையான மியூட்டேஷன் ரெண்டும் ஏற்கனவே கையில இருக்கு, கிராஸிங்கே போதும். போதாக்குறைக்கு கடலையை டிஷ்யூ கல்ச்சர்ல வளர்த்தெடுக்கறது பெரும்பாடு. திண்டிவனம் டிஎம்வி ரகம் மாதிரி விவசாயிங்களுக்குப் பழகின ரகத்தை மத்த எந்த குணமும் மாறாம அப்படியே ஹை ஒலிக் ஆக்கணும்னா, அப்போ எடிட்டிங் பல வருஷ பேக்கிராஸிங்கை, அதாவது திரும்பத் திரும்ப அதே ரகத்தோட கிராஸ் பண்றதை, மிச்சப்படுத்தும், அது நியாயமான காரணம். ஆனா கடுகு வேற விஷயம். நம்ம பழைய கடுகு ரகங்கள்ல எருசிக் ஆசிட் 40 சதவீதத்துக்கு மேல, கனோலா தரம் 2 சதவீதத்துக்குக் கீழ. புண்ணாக்குல குளுக்கோசினோலேட்னு காரமான பொருள் வேற இருக்கு, கோழிக்கும் பன்னிக்கும் நிறைய போட முடியாது. டெல்லில இருக்கற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஐஏஆர்ஐ கிராஸிங்லயே பூசா டபுள் ஜீரோ 31னு ரெண்டும் குறைஞ்ச ரகத்தைக் கொண்டு வந்துடுச்சு. ஆனா குளுக்கோசினோலேட்தான் செடிக்குப் பூச்சிகிட்ட இருந்து பாதுகாப்பு, செடி முழுக்கக் குறைஞ்சா பூச்சி மேயும். அதுக்கு டெல்லில என்ஐபிஜிஆர்ங்கற தாவர ஜீனோம் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஆராய்ச்சியாளர்கள் கிறிஸ்பர் வச்சு, அந்தப் பொருளை இலைல இருந்து விதைக்கு ஏத்திட்டுப் போற ஜிடிஆர் ஜீன்களை எடிட் பண்ணி, விதைல குறைவாவும் இலைல நிறையவும் இருக்கற கடுகை 2023ல காட்டினாங்க. இது கிராஸிங்ல சுலபமா கிடைக்காத விஷயம், எடிட்டிங் தன்னோட மதிப்பை நிரூபிக்கற இடம் இந்த மாதிரி இடம்தான்.

சட்டம் பக்கம் வந்தா குழப்பம். ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலைல ஜீன் எடிட் பண்ணதும் ஜிஎம்ஓ சட்டத்துக்குக் கீழதான் வரும்னு சொல்லிடுச்சு, ஆனா ரொம்ப காலமா பழக்கத்துல இருக்கற கெமிக்கல், ரேடியேஷன் மியூட்டேஷனுக்கு விலக்கு. அந்தத் தீர்ப்புப்படி ஒரே மாற்றம் கெமிக்கல்ல வந்தா விலக்கு, கிறிஸ்பர்ல வந்தா கட்டுப்பாடு. இது எனக்கு அறிவியலா படல, மாற்றம் என்னன்னு பார்க்கறதுதான் சரி. இந்தியால 2022 மார்ச் 30ல வெளி ஜீன் எதுவும் மிஞ்சாத எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 வகை எடிட்டிங்கை, ஜிஎம் பயிர்களைக் கட்டுப்படுத்தற 1989 விதிகள்ல 7ல இருந்து 11 வரைக்கும் இருக்கற பகுதியில இருந்து விலக்கினாங்க, அதுக்கப்புறம் 2025 மே மாசம் ரெண்டு ஜீன் எடிட் நெல் ரகத்தை அறிவிச்சாங்க. ஜிஎம் கடுகு டிஎம்எச்-11 இதுல சேராது, அதுல பாக்டீரியா ஜீன் இருக்கு, அது சுப்ரீம் கோர்ட்ல தனி வழக்கு. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பறதை டிவி விவாதங்கள்ல நிறைய பார்க்கறேன். விலக்கு கொடுத்ததால எல்லாம் சரின்னும் சொல்ல மாட்டேன், கிறிஸ்பரோட பேட்டன்ட் வெளிநாட்டு நிறுவனங்க கையில இருக்கு, நாளைக்கு விதை விலையில அது எப்படி ஏறும்ங்கறதை விவசாய சங்கங்கள் இப்பவே கேக்கணும்.

விவசாயி பக்கம் பார்த்தா எல்லாத்தையும் விட பெரிய சிக்கல் விலைதான். மண்டில கடலை எடை, ஈரப்பதம், எத்தனை கிலோ காய்க்கு எத்தனை கிலோ பருப்பு, இதை வச்சுத்தான் விலை. ஒலிக் எவ்வளவுன்னு யாரும் கேக்கறது இல்ல. ஹை ஒலிக் கடலையும் சாதா கடலையும் கண்ணால பார்த்தா ஒண்ணு மாதிரியே இருக்கும், ஒரு மூட்டை மாறிக் கலந்துட்டா மொத்த லாட்டோட ஒலிக்கும் இறங்கிடும். கடலை தன் மகரந்தச் சேர்க்கை பயிர்ங்கறதால வயல்ல கலப்பு கம்மி, ஆனா உரிக்கற மெஷின்ல, குடோன்ல, சாக்குல கலந்துடும். சூரியகாந்தில தேனீ வேற பக்கத்து வயல் மகரந்தத்தைக் கொண்டு வந்துடும். ஆஸ்திரேலியால கிட்டத்தட்ட எல்லாக் கடலையுமே ஹை ஒலிக்குன்னு ஆக்கிட்டாங்க, அதனால அங்க கலப்புங்கற பேச்சே இல்ல. இங்க கொள்முதல் பண்ற இடத்துல அகச்சிவப்பு ஒளியை வச்சு அளக்கற ஒரு என்ஐஆர் மெஷின் இருந்தா பருப்பை உடைக்காமலே சீக்கிரம் சொல்லிடும், அதுக்கேத்த கூடுதல் விலையும் எழுதிக் கொடுத்தா விவசாயி தானா வருவாரு. எண்ணெய் வித்து தேசிய இயக்கத்துக்கு 2024 அக்டோபர்ல 10,103 கோடி ஒதுக்கினாங்க, உற்பத்தியை 2030-31க்குள்ள 69.7 மில்லியன் டன் ஆக்கணும்னு இலக்கு. நமக்கு வேணுங்கற சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல இறக்குமதி பண்ற நாட்டுக்கு இது நல்ல விஷயம்தான், ஆனா அந்தப் பணத்துல ஒரு பங்கு இந்த டெஸ்டிங்குக்கும் தனியா சேமிக்கற வசதிக்கும் போகணும்னு நான் உறுதியா நினைக்கறேன்.

உடம்புக்கு நல்லதான்னு கேப்பீங்க. 70 சதவீதத்துக்கு மேல ஒலிக் இருக்கற எண்ணெயை நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலா தினம் ஒன்றரை டேபிள்ஸ்பூன், அதாவது சுமார் 20 கிராம் எடுத்தா இதய நோய் அபாயம் குறையலாம்னு லேபிள்ல போட்டுக்க எஃப்டிஏ 2018ல அனுமதிச்சுது, ஆனா ஆதாரம் முடிவானது இல்லன்னும் அதே வாசகத்துல சேர்க்கச் சொன்னாங்க. 'குறையலாம்'ங்கறதையும் 'பதிலா'ங்கறதையும் விட்டுட்டுப் படிக்காதீங்க. கூடுதலா ஊத்திக்கறதுக்கு இல்ல. லினோலிக் ஆசிட் கெட்டதும் இல்ல, அது உடம்பால செய்ய முடியாத, சாப்பாட்டுல இருந்தே வர வேண்டிய ஒண்ணு, வீட்டுல எல்லா எண்ணெயையும் ஹை ஒலிக்கா மாத்தணும்னு அவசியம் இல்ல. கடலைமிட்டாய், வறுத்த கடலை, முறுக்கு, மிக்சர்னு பாக்கெட்ல நாள்பட வச்சு விக்கறதுக்கும், ஹோட்டல்ல பொரிக்கறதுக்கும் இது ரொம்பவே பொருத்தம்.

வாங்கற எண்ணெய் உண்மையிலேயே ஹை ஒலிக்கான்னு தெரிஞ்சுக்க பாட்டிலோட பின்பக்கம் மோனோ அன்சாச்சுரேட்டட், பாலி அன்சாச்சுரேட்டட்னு 100 கிராமுக்கு கணக்கு போட்டிருந்தா அதைப் படிங்க. கடலை எண்ணெய்ல மோனோ 50ஐ ஒட்டியும் பாலி 30ஐ ஒட்டியும் இருந்தா அது சாதாரண ரகம், மோனோ 80 பக்கம் வந்து பாலி ஒத்தை இலக்கத்துக்கு இறங்கியிருந்தா ஹை ஒலிக். சூரியகாந்தி எண்ணெய்லயும் இதே கணக்குதான், சாதாரணத்துல பாலிதான் மேல நிக்கும், ஹை ஒலிக்ல மோனோ மேல வந்துடும்.